ஆங்கிலத்துக்குள் கிரேக்கமும் லத்தீனும்: உச்சரிப்புக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

2000-களின் தொடக்கத்தில் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. நானும் ஒன்றில் படித்து, இரவு ஷிப்டில் வேலைக்குச் சேர்ந்தேன். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். அமெரிக்க டாக்டர் பேசிப் பதிந்து அனுப்பியதைக் கேட்டு, பெடலை மிதித்து நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். வேலையில் பாதி ஆங்கிலம் அல்ல. ஆங்கில வேஷம் போட்ட கிரேக்கமும் லத்தீனும்தான்.

அங்கே பட்ட அடிகளிலிருந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் மருத்துவத் துறையில் இருக்க வேண்டியதில்லை. கல்லூரி, கோர்ட், ஆபீஸ், இன்டர்வியூ என்று எங்கே போனாலும் இந்தச் சொற்கள் எதிரே வரும். உங்களுக்கு எந்த அறிகுறி இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே பி, எஸ், சி, எச் என்று குறிக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்த எழுத்து சொல்லின் எந்த இடத்தில் நிற்கிறது? அந்தச் சொல் எந்த வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது? பெரும்பாலான கோளாறுகள் இந்த இரண்டிலேயே பிடிபட்டுவிடும்.

காதில் விழுந்த சொல் அகராதியில் அகப்படவில்லை

சேர்ந்த முதல் வாரம். டாக்டர் கண்ணைப் பரிசோதித்துவிட்டு 'நோ டோசிஸ்' என்கிறார். பத்து தடவை ஓட்டிக் கேட்டேன், டோசிஸ்தான். அகராதியில் 'டி' வரிசையை முழுக்கத் துழாவினேன், இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த சீனியர் அக்கா தன் ஹெட்போனைக் கூடக் கழற்றாமல், "முன்னாடி ஒரு பி போட்டுப் பாருடா" என்றார். இருந்தது. மேல் இமை தொங்குவதற்கு அந்தப் பெயர். எழுத்தில் பி-டி என்று தொடங்கும், வாயில் 'டி' மட்டும்தான் வரும்.

கேட்ட ஒலியில் தேடிக் கிடைக்கவில்லை என்றால், ஊமை எழுத்து ஒன்றை முன்னால் சேர்த்துத் தேடுங்கள். 'ந' என்று கேட்டால் பி-என் (நிமோனியா), எம்-என் (நினைவுக்குறிப்பைச் சொல்லும் நிமானிக்), ஜி-என் மூன்றையும் பாருங்கள். 'ஸ' என்று கேட்டால் பி-எஸ், எஸ்-சி. முதுகுத்தண்டை ஒட்டிய தசை ஒன்றை 'ஸோவஸ்' என்பார்கள், அதுவும் பி-எஸ்தான். சோரியாசிஸும் அப்படியே. கிரேக்கத்தில் 'ப்சோரா' என்றால் அரிப்பு. நம்முடைய சொறியோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல், அதை வைத்து யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட வேண்டாம். 'ர' என்றால் ஆர்-எச்சையும், 'யூ' என்றால் இ-யுவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

'ஸீரோ' என்று கேட்டால் எக்ஸ். நான் ஒருமுறை பூஜ்ஜியத்தையே தட்டி வைத்தேன். டாக்டர் சொன்னது ஸீரோஸ்டோமியா, அதாவது வாய் உலர்ந்து போதல். 'க்ஸீரோஸ்' என்றால் கிரேக்கத்தில் உலர்ந்த என்று பொருள். தெருமுனை ஜெராக்ஸ் கடைப் பெயரில் இருப்பதும் அதே சொல்தான். ஈர மையோ ரசாயனக் கரைசலோ இல்லாமல் உலர்ந்த பொடியால் நகல் எடுக்கும் முறை என்பதால் அந்தப் பெயர்.

ஏன் இப்படி? கிரேக்கர்கள் இரண்டு மெய்யையும் சேர்த்தே சொன்னார்கள். ஆங்கில நாக்குக்குச் சொல்லின் தொடக்கத்தில் அந்தச் சேர்க்கை ஏறாது. அதனால் முதல் மெய்யை விழுங்கிவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டது. நமக்கும் இந்தச் சிக்கல் உண்டு. மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. ஆங்கிலேயன் விழுங்குகிற இடத்தில் நாம் ஓர் உயிரைச் செருகுகிறோம். ஸ்நேகம் சிநேகமானது அப்படித்தான். அதே பழக்கத்தில்தான் சிலர் சைக்காலஜியை 'பிசைக்காலஜி' என்கிறார்கள். இங்கே செருகல் வேண்டாம், விழுங்கிவிடுங்கள்.

ஆனால் இந்த ஊமைத்தனம் சொல்லின் முதலில் மட்டும்தான். முன்னால் ஓர் உயிர் வந்து நின்றால் ஊமைக்கு வாய் வந்துவிடும். டெரடாக்டில் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் பெயரில் பி ஊமை. ஹெலிகாப்டரில் அதே பி பேசுகிறது. இரண்டிலும் இருப்பது சிறகு என்று பொருள்படும் 'ப்டெரான்'. ஹெலிகாப்டரை நாம் ஹெலி, காப்டர் என்று பிரிக்கிறோம். உண்மையான ஒட்டு ஹெலிகோ, ப்டெர்: சுருள், சிறகு. நிமோனியாவில் ஊமையான பி, தூக்கத்தில் மூச்சு நிற்கும் 'ஆப்னியா'வில் கேட்கும். நிமானிக்கில் ஊமையான எம், மறதியைச் சொல்லும் 'ஆம்னீசியா'வில் கேட்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஜி-என். மறைஞானத்தை நம்புபவரைச் சொல்லும் 'நாஸ்டிக்' என்றால் ஜி ஒலிக்காது, கடவுள் உண்டா என்று அறிய முடியாது என்பவரைச் சொல்லும் 'ஆக்னாஸ்டிக்' என்றால் ஜி ஒலிக்கும், டயக்னோசிஸிலும் ஒலிக்கும். அறிதல் என்று பொருள்படும் இந்தக் கிரேக்க வேரும், சம்ஸ்கிருதத்தின் 'ஜ்ஞான'மும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். ஆங்கிலத்தில் அறிவதைச் சொல்லும் 'நோ'வும் அதே குடும்பம்தான், அங்கே முன்னால் ஒரு கே ஊமையாக உட்கார்ந்திருக்கிறது. இப்போது நம் பக்கம் பாருங்கள். 'ஜ்ஞான' தமிழுக்கு வந்தபோது முதல் மெய்யை விழுங்கி ஞானம் என்றோம். முன்னால் 'அ' சேர்ந்தவுடன் விழுங்கியது திரும்பி வந்து அஞ்ஞானம் என்று இரட்டிக்கிறது. ஆக்னாஸ்டிக்கில் ஜி திரும்பி வருவதும் அஞ்ஞானத்தில் ஞ் இரட்டிப்பதும் ஒரே வேலை. இது புரிந்த நாளிலிருந்து ஊமை எழுத்துகள் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது.

சொல்லின் கடைசியில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியவில்லை

சொல்லை நீட்டிப் பாருங்கள். சளியைக் குறிக்கும் 'ஃப்ளெம்' சொல்லில் ஜி ஊமை, 'ஃப்ளெக்மாட்டிக்' என்று நீட்டினால் வரும். 'பாரடைம்' சொல்லிலும் அப்படித்தான். நம்மூர் மேடைகளில் அதை 'பாரடிக்ம்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன், 'பாரடிக்மாட்டிக்' என்று நீட்டும்போதுதான் அந்த ஜிக்கு வேலை. பத்திரிகைக் 'காலம்' சொல்லில் கடைசி என் பேசாது, 'காலம்னிஸ்ட்' என்றால் பேசும். புற்றுநோய்க் கட்டி 'மலிக்னன்ட்', தீங்கில்லாதது 'பினைன்'. ரிப்போர்ட்டில் அந்த இரண்டாவது சொல்லைப் பார்த்து 'பெனிக்ன்' என்று திணறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். திணறினாலும் நல்ல செய்தி அது.

நீட்டிப் பார்த்தும் திரும்பி வராத ஊமைகள் சில உண்டு. அவற்றின் கதை வேறு. கடனைக் குறிக்கும் 'டெட்', சந்தேகத்தைக் குறிக்கும் 'டவுட்' இரண்டும் பிரெஞ்சு வழியாக பி இல்லாமலேயே வந்த சொற்கள். படித்த மேதாவிகள் பின்னாளில் லத்தீன் மூலத்தைத் தேடிப் பார்த்து, 'தெபிதும்', 'துபிதாரே' என்று இருப்பதைக் கண்டு, கௌரவத்துக்காக பி-யைச் செருகினார்கள். எழுத்து மாறியது, வாய் மாறவில்லை. 'ரிசீட்'டில் உள்ள பி, நுட்பமானதைச் சொல்லும் 'சட்டி'லில் உள்ள பி, குற்றம் சாட்டுவதைச் சொல்லும் 'இண்டைட்'டில் உள்ள சி எல்லாம் இதே செருகல்தான். அந்தக் கடைசிச் சொல்லை 'இண்டிக்ட்' என்று படிப்பவர்கள் டிவி விவாதங்களில் நிறைய. ரசீதும் ரிசீட்டும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம், ரசீது பாரசீகத்திலிருந்து வந்தது.

செருகிய எழுத்து வென்ற இடமும் உண்டு. எழுத்தாளரைக் குறிக்கும் 'ஆதர்' சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் எச் கிடையாது. யாரோ எச் சேர்த்து எழுத, பின்னால் வந்தவர்கள் எழுத்தைப் பார்த்துப் படிக்க, உச்சரிப்பே மாறிப்போனது.

சி-எச் பார்த்தால் நாக்கு நின்றுவிடுகிறது: கவா, சவா, ஷவா?

இங்கேதான் வழி முக்கியம். கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாகப் புத்தகத்தோடு வந்தால் 'க': கெமிஸ்ட்ரி, கேரக்டர், கோரஸ், ஆர்க்கிடெக்ட். பிரெஞ்சுக்காரன் வாய் வழியாக வந்தால் 'ஷ': பாராஷூட், ஷெஃப், ப்ரோஷர். ஆங்கிலத்தில் ஊறிப்போன பழைய சொல்லாக இருந்தால் 'ச': சேர்ச், சீஸ்.

மெஷினும் மெக்கானிக்கும் ஒரே கிரேக்க வேர். ஒன்று பிரெஞ்சு வழியாக வந்து 'ஷி' ஆனது, மற்றது லத்தீன் வழியாக வந்து 'கா' ஆனது. மெஷினைப் பழுது பார்ப்பவர் மெக்கானிக் என்பதால் நாம் தினமும் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்கிறோம், தவறுவதும் இல்லை. அந்த நம்பிக்கையோடு மற்றவற்றுக்குப் போங்கள்.

சி-எச்சை அடுத்து எல், ஆர் என்று மெய் வந்தால் யோசிக்கவே வேண்டாம், 'க'தான். குளோரின், குரோமியம், க்ரானிக். பேராயரைக் குறிக்கும் சொல் 'ஆர்ச்'பிஷப், தலைமைத் தேவதூதர் 'ஆர்க்'ஏஞ்சல். ஒரே முன்னொட்டு, வேறு உச்சரிப்பு. பெரும்பாலும் அடுத்து உயிர் வந்தால் 'ஆர்க்', மெய் வந்தால் 'ஆர்ச்' என்று வைத்துக்கொள்ளலாம்.

தேவாலயப் பாடற்குழுவைக் குறிக்கும் சொல்லை நம்மூரில் 'கொயர்' என்கிறோம். ஆங்கிலேயர் 'க்வயர்' என்பார்கள். முன்பு க்யூ போட்டுத்தான் எழுதினார்கள். கோரஸோடு உறவு தெரிய வேண்டும் என்று எழுத்தை மாற்றினார்கள், உச்சரிப்பு பழைய எழுத்தோடு தங்கிவிட்டது. தலைவலி, வயிற்றுவலியில் வரும் 'ஏக்' இன்னும் வேடிக்கை. அது பச்சை ஆங்கிலச் சொல், கே போட்டு எழுதி வந்தது. கிரேக்கம் என்று தவறாக நினைத்து சி-எச் மாட்டிவிட்டார்கள்.

ஷெட்யூலா, ஸ்கெஜூலா என்று சண்டை வேண்டாம். முன்னது பிரிட்டன், பின்னது அமெரிக்கா.

எழுத்தெல்லாம் சரி, ஆனாலும் எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை

நான் பார்த்தவரை பெரிய கோளாறு இதுதான், ஆனால் கவனிப்பவர் குறைவு. நாம் ஊமை எழுத்தைப் பற்றி வெட்கப்படுவோம், அழுத்தத்தைப் பற்றி நினைக்கவே மாட்டோம்.

தமிழில் அசைகள் ஏறக்குறைய சம எடையில் வரும். ஆங்கிலத்தில் ஓர் அசை மேடு, மற்றவை பள்ளம். கேட்பவர் அந்த மேட்டை வைத்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறார். மேடு இடம் மாறினால், எல்லா எழுத்தும் சரியாக இருந்தும் அவருக்கு அது வேறு சொல்.

எனக்கு இது புரிந்தது எதிர்ப்பக்கத்திலிருந்து. 'எண்டோஸ்கோப்பி' என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், நடுவில் நீட்டி. டாக்டர் சொன்னதோ 'எண்டாஸ்கபி'. 'டா' மட்டும் உயர்ந்து நின்றது, மீதி முழுங்கிப் போனது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த சொல்தான் என்று உறைக்கப் பெடலை நாலு தடவை மிதிக்க வேண்டியிருந்தது. நான் சொன்னால் அவருக்கும் அப்படித்தானே இருக்கும்!

சரிசெய்யும் முறை: சொல்லின் முன்னாலிருந்து எண்ணாதீர்கள், பின்னாலிருந்து எண்ணுங்கள். லஜி, க்ரஃபி, ஸ்கபி, நமி, க்ரசி, பதி, மெட்ரி என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் மேடு. பை-ஆ-ல-ஜி: மேடு 'ஆ'. டெ-மா-க்ர-சி: மேடு 'மா'. சொல்லின் கடைசியில் இக் வந்தால் மேடு அதற்கு முந்தைய அசைக்கு நகரும். டெமாக்ராட்டிக்கில் 'க்ரா', எண்டோஸ்காப்பிக்கில் 'ஸ்கா'. ஷன் என்று முடிந்தாலும் அதற்கு முந்தைய அசைதான்.

கையால் தட்டிப் பழகுங்கள். ஃபோட்டோகிராஃப் என்னும்போது 'ஃபோ'வில் ஒரு தட்டு. ஃபட்டாக்ரஃபர் என்னும்போது 'டா'வில். ஃபோட்டக்ராஃபிக் என்னும்போது 'க்ரா'வில். மேடு போன இடத்தில் உயிர் முழுதாகத் திறக்கிறது, விட்டுப் போன இடத்தில் 'அ' போலத் தேய்கிறது. தேயவிடுங்கள். எல்லா உயிரையும் முழுதாகச் சொல்வதுதான் தெளிவு என்று பள்ளியில் பழக்கிவிட்டார்கள். ஆங்கிலத்துக்கு அது பொருந்தாது.

விதியை மீறும் இக் சொற்கள் சில உண்டு: பாலிட்டிக்ஸ், கத்தோலிக், ரெட்டரிக், லூனட்டிக். இவற்றில் மேடு முதல் அசையிலேயே இருக்கும்.

கிலோமீட்டர் ஒரு தனி வழக்கு. தெர்மாமீட்டர், காற்றழுத்தம் அளக்கும் பாரோமீட்டர், ஸ்பீடாமீட்டர் எல்லாம் கருவிகள், அவற்றில் 'மா', 'ரா', 'டா' என்று நடுவில் மேடு. சென்டிமீட்டர், மில்லிமீட்டர் அளவைகள், முதல் அசையில் மேடு. கிலோமீட்டர் அளவை, எனவே 'கி'யில் மேடு இருப்பதுதான் நியாயம். ஆனால் 'கிலாமிட்டர்' என்று கருவி போலச் சொல்பவர்கள் ஏராளம், அகராதிகளும் இரண்டையும் ஏற்கின்றன. நான் நியாயத்தின் பக்கம்.

கடைசி 'இ' ஊமையா, பேசுமா?

உச்ச உதாரணத்தைச் சொல்லும் சொல்லை எபிடோம் என்றும், மிகைப்படுத்தலைச் சொல்லும் சொல்லை ஹைபர்போல் என்றும் நன்றாகப் படித்தவர்களே சொல்வார்கள். அவை எபிட்டமி, ஹைபர்பலி. இந்தச் சொற்கள் தம் கிரேக்க வாலோடு முழுதாக வந்தவை, அதனால் கடைசி இ பேசும். கட்டாஸ்ட்ரஃபி, அப்பாஸ்ட்ரஃபி, மயங்கி விழுவதைச் சொல்லும் சிங்க்கப்பி, மனத்தைச் சொல்லும் சைக்கி, வெற்றித் தேவதை நைக்கி எல்லாம் ஒரே ஜாதி. டெலஸ்கோப், மைக்ரோஃபோன் போன்றவை பின்னாளில் அறிவியலுக்காக ஒட்டிச் செய்தவை, அவற்றில் இ ஊமை. ஐயம் வந்தால், அது கருவியின் பெயரா என்று பாருங்கள். கருவி என்றால் பெரும்பாலும் ஊமை.

ரெசிப்பியை மட்டும் யாரும் தப்பாகச் சொல்வதில்லை, சமையல் நிகழ்ச்சிகளுக்கு நன்றி. அது லத்தீன் ஏவல் வினை: 'எடுத்துக்கொள்'. மருந்துச் சீட்டின் தலையில் டாக்டர்கள் எழுதிய சொல். இன்றும் சீட்டில் ஆர், எக்ஸ் போல ஒரு குறி இருக்கிறதே, அது அந்தச் சொல்லின் சுருக்கம்தான்.

'பைசைக்கிள்' என்றால் சிரிக்கிறார்கள்

சைக்கிள் சரி, மோட்டார்சைக்கிள் சரி, பைசைக்கிள் மட்டும் தவறு. அது 'பைசிக்கிள்'. மேடு 'பை'க்குப் போனதும் நடு அசை குறுகிவிட்டது. கிரேக்க ஒய் இப்படி இடத்துக்கு இடம் நீளும், குறுகும். டைப், ஆனால் டிப்பிக்கல். டைரன்ட், ஆனால் டிரனி. லத்தீன் ஐ-யும் இதே வழிதான்: க்ரைம், ஆனால் க்ரிமினல்.

எழுத்து இடம் மாறுகிறது

'எக்செட்ரா' இல்லை, 'எட்செட்ரா'. லத்தீனில் எட் என்றால் 'மற்றும்'. அங்கே க் வர வழியே இல்லை. எக்ஸ்ட்ரா, எக்ஸாம் என்று பழகிய நாக்கு தானாகச் செருகுகிறது. நியூக்ளியர் 'நியூகுலர்' ஆவதும் இப்படித்தான், மாலிக்யுலர், சர்க்குலர் என்று பழகிய தடத்தில் வண்டி இறங்கிவிடுகிறது. அமெரிக்க அதிபர்கள் ஐசன்ஹோவரும் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும் அப்படிச் சொன்னவர்கள்தான். அணுகுண்டுப் பொத்தான் கையில் இருந்தவர்களுக்கே அந்தக் கதி.

இரண்டு சொல் ஒரே மாதிரி கேட்கிறது, பொருளோ வேறு

இந்தக் கோளாறில் மட்டும் உச்சரிப்பை நம்பாதீர்கள். ஹைப்பர் என்றால் கூடுதல், ஹைப்போ என்றால் குறைவு. போனில், அவசரத்தில், கடைசி அசை தேய்ந்தால் இரண்டும் ஒன்றுதான். சிறுகுடலின் கடைசிப் பகுதி இலியம், இடுப்பெலும்பும் இலியம். எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஒலியில் அதுவும் இல்லை. விழுங்க முடியாமை டிஸ்ஃபேஜியா, பேச்சுக் கோளாறு டிஸ்ஃபேசியா. நாங்கள் சுற்றியுள்ள வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். எலும்பு முறிவு பற்றிய பேச்சில் குடலுக்கு என்ன வேலை?

டாக்டர்களுக்கும் இது தெரியும். கையை உடலிலிருந்து விலக்குவது அப்டக்ஷன், உடலை நோக்கிக் கொண்டுவருவது அட்டக்ஷன். டிக்டேஷனில் பலர் 'ஏ-பி-டக்ஷன்', 'ஏ-டி-டக்ஷன்' என்று எழுத்தைப் பிரித்தே சொல்வார்கள். நீங்களும் செய்யுங்கள். இன்னும் நல்லது, நம் வீடுகளில் சொல்வது போல 'சுகர் இறங்கிடுச்சு', 'பிரஷர் ஏறிடுச்சு'. அதில் யாருக்கும் குழப்பம் வராது.

ஒரே லத்தீன் சொல்லை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்

மூவரும் சரியாக இருக்கலாம். லத்தீனுக்கு இன்று குறைந்தது மூன்று உச்சரிப்பு உண்டு. பழைய ரோமானியர் எப்படிச் சொன்னார்கள் என்று அறிஞர்கள் மீட்டெடுத்தது ஒன்று. கத்தோலிக்கத் திருச்சபையில் இத்தாலிய வாடையோடு ஒலிப்பது இன்னொன்று. ஆங்கிலேய வக்கீல்களும் டாக்டர்களும் தம் மொழி விதிப்படி படித்தது மூன்றாவது. ஏறக்குறைய 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. 'ஈ' என்பது 'ஐ' ஆனது. ஆங்கிலத்தோடு சேர்ந்து அவர்கள் படித்த லத்தீனும் பெயர்ந்தது. 'வீருஸ்' வைரஸ் ஆனது அப்படித்தான். ரோமானியன் வாயில் 'கைசர்' என்றிருந்த பெயர் ஆங்கிலத்தில் சீசர், ஜெர்மன் மொழியில் பேரரசரைக் குறிக்கும் சொல்லாக இன்னும் கைசர்.

இதனால் வரும் உச்சக்கட்டக் குழப்பம் பழைய மாணவர் சங்கங்களில் நடக்கும். ஆண் பன்மை ஆங்கில வழியில் 'அலம்னை', பெண் பன்மை 'அலம்னீ'. ரோமானிய வழியிலோ ஆண்கள் 'அலும்னீ', பெண்கள் 'அலும்னை'. நேர்த் தலைகீழ். ஆண், பெண் இருபாலரும் சேர்ந்த கூட்டத்துக்கு எழுத்தில் ஐ போட்டு, வாயில் 'அலம்னை' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கோர்ட் செய்திகளில் வரும் 'சூவோ மோட்டோ' உச்சரிப்புக் கோளாறு மட்டும் அல்ல, எழுத்தே தவறு. கடைசியில் ஓ இல்லை, யு. 'சூவோ மோட்டூ': தன் உந்துதலால். 'தாமாக முன்வந்து' என்று தமிழில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

கிரேக்க எழுத்துப் பெயர்களிலும் இதே கதை. கணக்கு வாத்தியாரின் 'பை'யை இன்றைய கிரேக்கர் 'பீ' என்பார். நம் பீட்டா அவருக்கு 'வீட்டா', அமெரிக்கருக்கு 'பேட்டா'. 2021 நவம்பர் 26 அன்று உலக சுகாதார நிறுவனம் புதிய கொரோனா வகைக்குப் பெயர் சூட்டியதும் ஒமிக்ரானா, ஓமிக்ரானா, ஒமைக்ரானா என்று ஊரே திண்டாடியது. பெயரின் பொருள் தெரிந்தால் திண்டாட்டம் குறையும். 'ஒ மிக்ரான்' என்றால் சிறிய ஒ, 'ஓ மெகா' என்றால் பெரிய ஓ. கிரேக்க அரிச்சுவடியிலும் நம்முடையதைப் போல ஒ, ஓ இரண்டும் தனித்தனி. குறில் நெடில் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரிசெய்யக் கூடாத கோளாறுகள்

ஆஸ்துமாவின் மூலமான கிரேக்கச் சொல்லில் நடுவே 'த்' உண்டு. ஆங்கிலேயன் அதை விழுங்கி 'ஆஸ்மா' என்கிறான். நாம் ஆஸ்துமா என்று அந்த 'த்'தைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் பேசும்போது ஆஸ்மா என்று சொல்லுங்கள். தமிழில் பேசும்போது பாட்டியைத் திருத்தப் போகாதீர்கள், கிரேக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பது பாட்டிதான். சிசேரியனும் அப்படி நம் சொல்லாகிவிட்டது, பிரசவ வார்டு வாசலில் நின்று யாரும் அதற்கு இலக்கணம் பார்க்க வேண்டாம்.

தம்பிக்குச் சான்றிதழ் வாங்க ஒருமுறை ஒரு கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். 'நல்ல நம்பிக்கையோடு' என்ற பொருளில் வரும் அந்த லத்தீன் தொடரை, புதிதாகக் கற்ற பெருமையில், நான்கு அசையும் கேட்க 'போனா ஃபைடீ சர்டிஃபிகேட்' என்றேன். கிளார்க் கண்ணாடியைக் கீழிறக்கி என்னைப் பார்த்தார். மறுபடி சொன்னேன். பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். தம்பி என் காலை மிதித்துவிட்டு, "போனஃபைடு சார்" என்றான்.

"அதச் சொல்லுங்க மொதல்ல. ரெண்டாவது கவுன்டர்."